நான்காம் முனையத்தின் வாசல் வரை

"டொமஸ்டிக்கா, இன்டர்நேஷனலா?"

வேளச்சேரியிலிருந்து மீனம்பாக்கம் போகும்போது டாக்சி ஓட்டுநர் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் பின் இருக்கையிலிருந்து அம்மா "டெல்லிக்குப் போகிறோம் தம்பி" என்றார். "அப்படியானால் டொமஸ்டிக்" என்று ஓட்டுநர் வண்டியை எடுத்தார். இருவர் சொன்னதிலும் பிழையில்லை. ஆனால் அந்த ஒரு சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு இன்றைய சென்னை விமான நிலையத்தில் சரியான வாசலில் இறங்க முடியாது.

எனக்கு நினைவு தெரிந்து பல ஆண்டுகள் இந்த நிலையம் இரண்டே பெயர்களில் அடங்கியிருந்தது. உள்நாட்டுப் பயணத்துக்குக் காமராஜர் முனையம், வெளிநாட்டுக்கு அண்ணா முனையம். துபாய்க்குப் போகும் மாமாவை வழியனுப்ப வந்தவர்களும், மதுரையிலிருந்து வரும் மருமகளை அழைத்துப்போக வந்தவர்களும் அந்த இரண்டு பெயர்களிலேயே பிரிந்து போனார்கள். 2013இல் கண்ணாடியும் இரும்புமாகப் புதிய உள்நாட்டுக் கட்டடம் வந்த பிறகும் அந்தக் கணக்கு மாறவில்லை. 2023 ஏப்ரலில் புதிய ஒருங்கிணைந்த முனையம் திறக்கப்பட்டதும்தான் மாறியது. வெளிநாட்டு விமானங்கள் அங்கே போயின. அவை இருந்த பழைய பன்னாட்டுக் கட்டடம் காலியானது. அதே ஆண்டின் பிற்பகுதியில் ஏர் இந்தியாவின் உள்நாட்டு விமானங்கள் அந்தக் கட்டடத்துக்குக் குடிபெயர்ந்தன.

ஆகவே இப்போது ஒரு கோடியில் டி1, மறு கோடியில் டி4. இரண்டுமே உள்நாட்டு முனையங்கள். நடுவில் இருக்கும் டி2 வெளிநாட்டுக்கு. டி3 என்று தேடினால் கிடைக்காது. டி2வின் அடுத்த பகுதியைக் கட்டுவதற்காக அந்தக் கட்டடத்தை இடித்துவிட்டார்கள். ஒன்று, இரண்டு, நான்கு என்று எண்ணும் ஒரு இடத்துக்குத்தான் என் அம்மாவை முதல்முறையாக அழைத்துச் சென்றேன். டெல்லியில் இருக்கும் தங்கைக்குக் குழந்தை பிறந்திருந்தது. அந்தப் பயணத்தில் நானும் உடன் போனேன். ஒன்பது மாதம் கழித்து அம்மா தனியாகப் போக வேண்டி வந்தது. அந்த இரண்டு பயணங்களைப் பற்றித்தான் எழுதுகிறேன். பெற்றோரைத் தனியாக விமானம் ஏற்றிவிட நேரும் பிள்ளைகளுக்கு உதவும் என்று உண்மையாகவே நம்புகிறேன்.

அம்மா விழுப்புரத்துக்காரர். தமிழ்ச் செய்தித்தாளை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிப்பார். ஆங்கிலத்தில் எண்கள் தெரியும், பெரிய எழுத்துகள் சிலவும் தெரியும், அவ்வளவுதான். விழுப்புரம் ஜங்ஷனில் எந்த நடைமேடைக்கு எந்த வண்டி வரும் என்று யாரும் அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று தொடங்கும் அந்தக் குரல் சொல்லிவிடும். குரல் சொல்லாவிட்டால் பக்கத்தில் நிற்பவர் சொல்வார். ரயில் நிலையத்தில் வழி கண்டுபிடிப்பது அவருக்குக் காதின் வேலை.

விமான நிலையமோ கண்ணின் வேலையைக் கேட்கிறது. சென்னை உட்பட நாட்டின் பல பெரிய விமான நிலையங்களில் ஒலிபெருக்கி அறிவிப்புகளை நிறுத்திவிட்டார்கள், அல்லது மிகவும் குறைத்துவிட்டார்கள். இரைச்சல் இல்லாமல் பயணிகள் அமைதியாக உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது நல்ல நோக்கம்தான். ஆனால் அந்த அமைதியின் பொருள், 'திரையைப் பார்த்துக்கொண்டே இரு' என்பது. திரையைப் படிக்க முடியாதவர்களுக்கு அங்கே குரலும் இல்லை.

முதல் குழப்பம் வாசலிலேயே வந்தது. பலகையில் தமிழ் இருந்தது. ஒரு பக்கம் 'புறப்பாடு', மறு பக்கம் 'வருகை'. அம்மா பெட்டியை இழுத்துக்கொண்டு வருகைப் பக்கம் நடந்தார். நான் தடுத்தபோது நிதானமாகக் கேட்டார்:

"நாம் இப்போதுதானே வருகிறோம்? வருகிறவர்களுக்கு அதுதானே வழி?"

என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. இருபது ஆண்டுகளாக அந்தப் பலகையைப் பார்க்கிறேன். ஒரு நாளும் அந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதில்லை. பலகை விமானத்தின் பக்கம் நின்று பேசுகிறது. வானத்திலிருந்து இறங்குபவருக்கு அது வருகை. வீட்டிலிருந்து கிளம்பி வருபவரின் பக்கம் நின்று பார்த்தால் அம்மா சொன்னதுதான் சரி. மொழிபெயர்ப்பில் குறை ஒன்றுமில்லை, இரண்டும் நல்ல தமிழ்ச் சொற்கள். சொல் தெரிந்தால் மட்டும் போதாது, யார் கண்ணால் அது சொல்லப்படுகிறது என்பதும் தெரிய வேண்டும் என்று அன்றுதான் உணர்ந்தேன்.

பலகையில் இருந்த படத்தைக் காட்டினேன். மூக்கை மேலே தூக்கிய விமானம், மூக்கைக் கீழே சாய்த்த விமானம். "மேலே பார்த்தால் நாம் போகிற வழி" என்றதும் அவருக்குப் பிடிபட்டுவிட்டது. இதுபோன்ற படக்குறிகளுக்கு ஒரு வரலாறு உண்டு. 1970களில் அமெரிக்கப் போக்குவரத்துத் துறைக்காக 50 குறிகளை ஒரே பாணியில் வரைந்து, யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று கொடுத்துவிட்டார்கள். அதற்கும் முன்பே, 1967இல், ஆம்ஸ்டர்டாமின் ஸ்கிப்போல் விமான நிலையத்தில் பென்னோ விஸ்ஸிங் என்ற வடிவமைப்பாளர் நிறத்தையே வழிகாட்டியாக்கினார். விமானம் ஏறும் பாதைக்கான பலகைகள் எல்லாம் மஞ்சள். கடை, கழிப்பறை போன்றவற்றுக்கு வேறு நிறம். பயணி எல்லாவற்றையும் படிக்க வேண்டியதில்லை, மஞ்சளை மட்டும் பிடித்துக்கொண்டு நடந்தால் போதும். இதை வடிவமைப்பின் அழகு என்று பாராட்டுவார்கள். அம்மாவோடு நடந்த பிறகு எனக்கு அது அழகாக மட்டும் தெரியவில்லை, படிக்கத் தெரியாதவர் மேல் ஒருவர் வைத்த அக்கறையாகவும் தெரிகிறது.

வாசலில் மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படை வீரர் டிக்கெட்டையும் ஆதாரையும் பார்த்தார். 1999 டிசம்பரில் இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம் காந்தஹாருக்குக் கடத்தப்பட்ட பிறகு, 2000ஆம் ஆண்டு தொடங்கி விமான நிலையங்கள் ஒவ்வொன்றாக இந்தப் படையின் காவலுக்கு வந்தன. முகத்தைக் காட்டி உள்ளே போகும் டிஜியாத்ரா வசதி 2022 டிசம்பரில் முதலில் டெல்லி, பெங்களூரு, வாரணாசியில் தொடங்கியது. பிறகு சென்னைக்கும் வந்தது. அதற்குக் கைப்பேசிச் செயலியில் பதிவு செய்ய வேண்டும். அம்மாவுக்கு அது தேவையில்லை. காகிதத்தைக் காட்டிப் போகும் வரிசை பக்கத்திலேயே இருக்கிறது, அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

உள்ளே போனதும் பெட்டியைக் கொடுத்துவிட்டு போர்டிங் பாஸ் வாங்கினோம். அந்தச் சிறிய தாளை அம்மா கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் எத்தனை எண்கள்! விமானத்தின் எண், இருக்கை எண், கேட் எண், வரிசை எண், ஏறும் நேரம், புறப்படும் நேரம், எழுத்தும் எண்ணும் கலந்த முன்பதிவுக் குறி. ஒன்றுகூடத் தமிழில் இல்லை. இது என் உறுதியான கருத்து: சென்னையிலிருந்து கிளம்பும் ஒரு உள்நாட்டுப் பயணியின் சீட்டில் 'வாயில்', 'இருக்கை', 'ஏறும் நேரம்' என்ற மூன்று சொற்களையாவது தமிழில் அச்சிட வேண்டும். சுவரில் தமிழ் இருப்பது நல்லது. ஆனால் பயணி கையில் வைத்திருப்பது சுவரை அல்ல.

நான் பேனாவால் மூன்று எண்களைச் சுற்றி வட்டம் போட்டேன். விமானத்தின் எண் முதல் வட்டம், கேட் எண் இரண்டாவது, ஏறும் நேரம் மூன்றாவது. மற்றவற்றை மறந்துவிடலாம் என்றேன். இருக்கையை உள்ளே நிற்கும் பணிப்பெண்ணே காட்டிவிடுவார். புறப்படும் நேரத்தைப் பார்க்கவே கூடாது, அது ஏமாற்றிவிடும். பெரும்பாலான உள்நாட்டு விமானங்களுக்குப் பெட்டி வாங்கும் கவுன்ட்டர் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே மூடப்படுகிறது, ஏறும் வாயில் இருபது இருபத்தைந்து நிமிடம் முன்பே மூடப்படுகிறது. ரயிலைப் போல் கடைசி நிமிடத்தில் ஓடிவந்து கம்பியைப் பிடிக்க முடியாது.

அடுத்தது பாதுகாப்புச் சோதனை. அங்கேதான் நான் எதிர்பார்க்காதது நடந்தது. ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்கு ஒரு வரிசை. பெண்களைத் திரைக்குப் பின்னால் பெண் காவலர்கள் சோதிக்கிறார்கள். தேவையான ஏற்பாடுதான். ஆனால் கைப்பை ஒரு பட்டையில், அம்மா ஒரு வரிசையில், நான் இன்னொரு வரிசையில் என்று மூன்றாகப் பிரிந்துவிட்டோம். எனக்கு முதலில் முடிந்தது. நான் வெளியே வந்து ஒரு தூணருகே நின்றேன். அம்மா வேறொரு பக்கமாக வெளியே வந்து என்னைக் காணாமல் நடக்கத் தொடங்கிவிட்டார். கைப்பேசி அவருடைய பையில், பை இன்னும் தட்டில். பத்து நிமிடம் தேடினேன். நாற்பது வயதில், ஒரு கட்டடத்துக்குள், அம்மாவைக் காணோம் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது எனக்கு.

கடைசியில் அவர் என்னைக் கண்டுபிடித்தார். நீலச் சேலை உடுத்திய துப்புரவுப் பணியாளர் ஒருவரோடு பேசிக்கொண்டே வந்தார். கையில் அவருடைய பையும் இருந்தது.

"இந்த அம்மாவிடம் கேட்டேன். பை வாங்கும் இடத்தைக் காட்டினார். பையனைத் தேடுகிறேன் என்றேன். ஆண்கள் வெளியே வருவது அந்தப் பக்கம் என்று கூட்டிக்கொண்டு வந்தார்" என்றார். அவர் குரலில் பதற்றமே இல்லை.

அப்போதுதான் எனக்கு ஜிப்மர் நினைவுக்கு வந்தது. அப்பாவின் சிறுநீரகம் பழுதான காலத்தில் அம்மா மூன்று ஆண்டுகள் அவரைப் புதுச்சேரி ஜிப்மருக்கு அழைத்துப் போய்க்கொண்டிருந்தார். நான் சென்னையில் வேலையில் இருந்தேன். அவ்வளவு பெரிய மருத்துவமனையில் அட்டை போடும் இடம், ரத்தம் எடுக்கும் இடம், முடிவு வாங்கும் இடம், மருந்து வாங்கும் இடம் எல்லாவற்றையும் அவர் தனியாகக் கண்டுபிடித்தார். "எப்படி அம்மா?" என்று கேட்டிருக்கிறேன். "மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவருக்கு அவர் மேசைதான் தெரியும். தரையைக் கூட்டுகிறவருக்குக் கட்டடம் முழுவதும் தெரியும்" என்றார் அன்று. விமான நிலையத்தில் நான் அம்மாவுக்கு வழி கற்றுக்கொடுப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். பெரிய கட்டடங்களில் வழி தேடுவதில் என்னைவிட அவருக்கு அனுபவம் அதிகம் என்பதை நான் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை.

கேட் பக்கம் உட்கார்ந்திருந்தபோது, அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் வட இந்திய நகரம் ஒன்றில் எனக்கு நடந்ததைச் சொன்னேன். சீட்டில் ஒரு கேட் எண் அச்சாகியிருந்தது. அங்கேயே உட்கார்ந்து புத்தகம் படித்துக்கொண்டிருந்தேன். கேட்டை மாற்றியிருந்தார்கள். அறிவிப்பு எதுவும் காதில் விழவில்லை. நிமிர்ந்து பார்த்தபோது பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் வேறு ஊருக்குப் போகிறவர்கள். ஓடிப்போய்ச் சேர்ந்தபோது கதவு மூடியிருந்தது. அம்மா இதைக் கவனமாகக் கேட்டார். பிறகு எழுந்து, எங்கள் வரிசையில் உட்கார்ந்திருந்த நான்கு குடும்பங்களிடம் ஒவ்வொன்றாக "டெல்லியா?" என்று கேட்டுவிட்டு வந்தார். கைக்குழந்தையோடு இருந்த ஒரு பெண்ணை எனக்குக் காட்டினார். "இனி அந்தப் பெண்ணைப் பார்த்துக்கொண்டால் போதும். அவள் எழுந்தால் நாமும் எழுந்துவிடலாம்" என்றார்.

திரையைவிட அது நம்பகமானது என்று சொல்லமாட்டேன். ஆனால் திரையில் மாறும் எண்ணை யாரோ ஒருவர் படித்துவிடுவார், அவரோடு சேர்ந்து எல்லாரும் எழுந்துவிடுவார்கள் என்பது உண்மை. நாங்கள் எழுந்ததும் அப்படித்தான்.

ஒன்பது மாதம் கழித்து அம்மா தனியாகக் கிளம்பியபோது, தங்கை சக்கர நாற்காலிக்குச் சொல்லிவிடலாம் என்றாள். முன்கூட்டியே சொன்னால் விமான நிறுவனம் ஆள் அனுப்பி, வாசலிலிருந்து இருக்கை வரை கொண்டுபோய் விடும். முட்டி வலிக்காதவர்களும் அதைக் கேட்கிறார்கள், வழி தெரியாது என்ற ஒரே காரணத்துக்காக. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கூட நடந்து வர ஒரு ஆள் வேண்டும் என்று கேட்பதற்கு வேறு வழி அங்கே தெளிவாக இல்லை. நாற்காலியில் உட்கார்ந்தால்தான் ஆள் கிடைக்கிறது. 'வழித்துணை' என்று ஒரு சேவை தனியாக இருந்தால், உண்மையில் நடக்க முடியாதவர்கள் நாற்காலிக்குக் காத்திருக்க வேண்டியிருக்காது.

அம்மா மறுத்துவிட்டார். "கால் நன்றாக இருக்கும்போது அதில் உட்காரக் கூடாது" என்றார்.

டாக்சியும் வேண்டாம் என்றார். விழுப்புரத்திலிருந்து வந்தவரைத் தாம்பரத்தில் சந்தித்தேன். மின்சார ரயிலில் சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம் தாண்டி திரிசூலத்தில் இறங்கினோம். சோழர் காலத்துத் திரிசூலநாதர் கோயில் இருக்கும் குன்றுப் பக்கம் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டார். ஜி.எஸ்.டி. சாலைக்குக் கீழே சுரங்கப்பாதையில் நடந்து மெட்ரோ நிலையத்தை அடைந்து, அங்கிருந்து நடைபாதை வழியாக நான்காம் முனையத்துக்குப் போனோம். மெட்ரோ இங்கே வந்தது 2016 செப்டம்பரில். நிலையம் முனையங்களுக்கு நடுவில் இருப்பதால் டி1க்கு ஒரு பக்கமும் டி4க்கு ஒரு பக்கமும் திரும்ப வேண்டும். மெட்ரோவிலோ ரயிலிலோ வருபவர்கள் அந்த இடத்தில் அவசரப்படாமல் நின்று சீட்டில் இருக்கும் முனைய எண்ணைப் பார்த்துவிட்டுத் திரும்புவது நல்லது. தவறான பக்கம் போனால் பெட்டியோடு முழுத் தூரமும் திரும்பி நடக்க வேண்டும். விமானங்கள் முனையம் மாறுவதும் உண்டு, போன முறை ஏறிய இடத்தை நினைவில் வைத்துப் போகக் கூடாது.

அம்மாவிடம் ஒரு தாள் கொடுத்திருந்தேன். ஒன்பது வரிகள், பெரிய எழுத்தில், தமிழில். முனையம் 4. மூக்கு மேலே பார்க்கும் விமானப் படம். வாசலில் ஆதார். பெட்டி கொடுக்கும் இடம். சோதனையில் பெண்கள் வரிசை. பையை எடுக்காமல் நகரக் கூடாது. கேட் எண்ணைத் திரையில் மறுபடி பார்க்க வேண்டும், புரியாவிட்டால் யாரிடமாவது சீட்டைக் காட்டிக் கேட்க வேண்டும். டெல்லியில் இறங்கியதும் கூட வந்தவர்கள் பின்னாலேயே நடக்க வேண்டும். பெட்டியில் மஞ்சள் துணி கட்டியிருக்கிறது.

டெல்லிதான் எனக்குப் பயமாக இருந்தது. 2010இல் திறந்த மூன்றாம் முனையம் அது. விமானத்திலிருந்து பெட்டி வரும் இடத்துக்கு நகரும் நடைபாதைகளில் ஏறி இறங்கி வெகுதூரம் போக வேண்டும். அங்கே சுவரில் தமிழ் கிடையாது.

வாசலில் வீரர் அம்மாவின் ஆதாரைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அம்மா உள்ளே போனார். என்னால் அதற்கு மேல் போக முடியாது. கண்ணாடி வழியாகச் சிறிது தூரம் தெரிந்தார். இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார். பிறகு கவுன்ட்டர்களைத் தாண்டி, துடைப்பத்தோடு நின்ற ஒரு பெண்ணை நோக்கி நேராக நடந்தார். அதற்குப் பிறகு கூட்டம் மறைத்துவிட்டது. விமானம் கிளம்பியதைக் கைப்பேசியில் பார்க்கும் வரை மெட்ரோ நிலையத்திலேயே நின்றிருந்தேன்.

இரவு தங்கை அழைத்தாள். அம்மா மஞ்சள் துணி கட்டிய பெட்டியோடு வெளியே வந்துவிட்டார், கூட ஒரு தஞ்சாவூர் அம்மாளும் வந்தார், இருவரும் கைகோத்துக்கொண்டு வந்தார்கள் என்றாள்.

ஒரு மாதம் கழித்து அம்மா திரும்பி வந்தபோது அந்தத் தாளைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். மடிப்புகளில் கிழிந்திருந்தது. என் ஒன்பது வரிகளில் இரண்டை அடித்திருந்தார். அவை தேவைப்படவில்லை என்றார். கீழே அவருடைய சாய்ந்த கையெழுத்தில் இரண்டு வரிகள் சேர்ந்திருந்தன. 'சோதனை முடிந்ததும் தண்ணீர்க் குழாய் பக்கம் நீலச் சேலை. நல்ல மாதிரி, கேட்கலாம்.' அடுத்த வரி: 'தஞ்சாவூர் அம்மாளுக்கும் இதுபோல ஒரு தாள் எழுதித் தர வேண்டும்.'